அந்தப் பாவாடை நிஜமாகவே சிவப்பா? கையால் கலர் பூசிய குழந்தைப் படங்கள்: தெரியுமா?

இருங்காட்டுக்கோட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கார்! 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்த ஹூண்டாய் ஆலை இங்கேதான். அதற்கும் எட்டு வருடம் முன்னால், 1990-ல், கார் பந்தயப் பாதை வந்துவிட்டது. சரி, பாட்டி வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டிய, கன்னத்தில் ரோஸ் கலர் பூசிய அந்தக் குழந்தைப் படத்துக்கும் இந்த ஊருக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது! அப்படி ஒரு படத்துக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். படம் பதிய ஒரு கண்ணாடித் தகடு, பூச வர்ணம், எடுக்கக் கேமரா. நூறு வருடத்துக்கு முன்னால் இந்த மூன்றும் பெரும்பாலும் கப்பலில் வந்தன. இன்று? பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2000-லிருந்து செயின்ட் கோபைன் கண்ணாடி வார்க்கிறது. 2005-லிருந்து ஏஷியன் பெயின்ட்ஸ் வர்ணம் கலக்கிறது. இந்த ஊர்கள் வழியாகப் போகும் அதே நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் மேற்கே போனால், சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான் ஆலையிலிருந்து கேமரா வைத்த ஐபோன்கள் உலகம் முழுக்கப் போகின்றன. ஒரு ஸ்டுடியோவுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் ஒரே சாலையில்!

சாமான் வந்துவிட்டது. ஆனால் அவற்றை வைத்து மாயம் செய்த அந்தப் பழைய கைகளைப் பற்றி எவ்வளவு தெரியும் நமக்கு? வாங்க, பார்க்கலாம்.

பழைய கேமராவுக்குச் சிவப்பே தெரியாது! தெரியுமா?

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் போட்டோத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும் மட்டுமே நன்றாகத் தெரிந்தன. சிவப்பு? கறுப்பாக விழுந்தது. மஞ்சள்? அதுவும் மங்கித்தான் விழுந்தது. நீல வானமோ வெள்ளைக் காகிதமாகப் போனது. இப்போது ஒரு தமிழ்க் குழந்தையை அந்தக் கேமராவின் முன்னால் நிறுத்துங்கள். அரக்குப் பட்டுப் பாவாடை, குங்குமப் பொட்டு, மஞ்சள் பூசிய முகம், தங்கச் சங்கிலி. நம் வீட்டு மங்கலம் முழுவதும் சிவப்பும் மஞ்சளும்தானே! தகட்டில் அத்தனையும் இருட்டு. குங்குமம் கறுப்புப் பொட்டாகிவிடும்.

1873-ல் ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் தகட்டில் சாயம் கலந்து பச்சையையும் மஞ்சளையும் பார்க்கப் பழக்கினார். சிவப்பையும் பார்க்கும் தகடு கடைக்கு வர 1906 ஆயிற்று. அதற்குப் பிறகும் பல காலம் ஸ்டுடியோக்காரர்கள் பழைய வகையை விடவில்லை. ஏன்? சிவப்பு விளக்கு எரியவிட்டு இருட்டறையில் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாமே!

ஆக, கலர் பூசுவது வெறும் அலங்காரம் இல்லை. கேமரா தின்றுவிட்ட சிவப்பை மனிதக் கை திருப்பிக் கொடுத்தது.

அப்படியென்றால் எந்தச் சிவப்பு என்று எப்படித் தெரியும்?

கேட்டுத்தான்! பாவாடை என்ன நிறம், கரை என்ன நிறம், சட்டை என்ன நிறம்? வாடிக்கையாளர் சொல்வதைப் படத்தின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொள்வார்கள். பிறகு அது கலர் பூசுகிறவரின் மேசைக்குப் போகும். அவர் அந்தக் குழந்தையைப் பார்த்தே இருக்க மாட்டார். குறிப்பு இருந்தால் குறிப்பு, இல்லாவிட்டால் அவர் கண்ணுக்கு எது அழகோ அது! "கிளிப்பச்சை போடுங்க, எடுப்பா இருக்கும்" என்று அம்மா சொன்னால் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சை ஆகிவிடும்.

இங்கேதான் சுவாரசியமே! கறுப்பு வெள்ளைப் பகுதி, குழந்தை அன்றைக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறது. கலர் பகுதி, பெற்றவர்கள் அதை எப்படிப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று சொல்கிறது. ஒரே அட்டையில் இரண்டு சாட்சிகள்!

போட்டோவும் கலரும் ஏறக்குறைய ஒரே வயது! தெரியுமா?

பாரிஸில் 1839-ல் டாகேரின் போட்டோ முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டுவாக்கிலேயே ஸ்விட்சர்லாந்தின் யோஹான் பாப்டிஸ்ட் இசென்ரிங் வெள்ளித் தகட்டுப் படங்களின்மேல் வேலம் பிசினும் வர்ணப் பொடியும் சேர்த்துப் பூசத் தொடங்கிவிட்டார். 1842-ல் லண்டனில் ரிச்சர்ட் பியர்ட் இதற்குக் காப்புரிமையே வாங்கினார். ஜப்பானின் யோகோஹாமாவிலோ, மரச்செதுக்கு அச்சில் பழகிய ஓவியர்கள் போட்டோ மேல் நீர்வர்ணம் பூச, அது உலகப் புகழ் பெற்ற ஏற்றுமதிச் சரக்காயிற்று.

இன்னும் ஒன்று! பிரான்ஸின் ஜார்ஜ் மெலியேயின் சினிமாச் சுருள்களுக்குக் கலர் கொடுத்தவர் எலிசபெத் துய்லியே. அவருடைய பட்டறையில் சுமார் 200 பெண்கள். ஒருத்திக்கு ஒரே நிறம்! சிவப்புக்காரி தன் பங்கைப் பூசி அடுத்தவளிடம் தள்ள, அவள் பச்சையைப் பூசுவாள். ஒரகடம் பக்கத்துக் கார் ஆலைகளின் அசெம்பிளி லைனை அன்றைக்கே தூரிகையோடு நடத்தியிருக்கிறார்கள்!

நம் ஊர்க் கதை தொடங்கியது பூந்தமல்லி நெடுஞ்சாலையில்!

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சென்னையை நோக்கி வண்டியைத் திருப்புங்கள். பூந்தமல்லி தாண்டி நகருக்குள் போனால் ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் செங்கல் நிறத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளி அது. அவரே 1856-ல் சென்னை போட்டோகிராபிக் சொசைட்டி உருவாகவும் காரணமாக இருந்தார். ஓவியம் சொல்லித் தந்த இடமே போட்டோவுக்கும் தாய்வீடு ஆனது. அப்புறம் படத்தின்மேல் தூரிகை ஏறாமல் இருக்குமா?

அதே காலத்தில் சென்னை மாகாண அரசு, லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் போட்டோகிராபராகவே நியமித்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை அவர் 1858-ல் சுற்றிச் சுற்றி எடுத்து, 21 படங்களை ஒட்டினார். நீளம் ஏறத்தாழ 19 அடி! அவரும் கை வைக்காமல் இல்லை. நீல வானம் வெறும் வெள்ளையாக விழுந்ததைப் பொறுக்காமல், நெகட்டிவின் மேலேயே வர்ணத்தால் மேகம் வரைந்துவிட்டார். அரசாங்கப் படத்திலேயே பொய் மேகம்!

பிறகு மவுன்ட் ரோடில் நிக்கோலஸ், வீலே அண்ட் கிளைன் என்று வெள்ளைக்காரக் கம்பெனிகள். மெல்ல மெல்ல காஞ்சிபுரம், கும்பகோணம், மதுரை, காரைக்குடி என்று நம்மவர் ஸ்டுடியோக்கள் கடைவீதிகளில் முளைத்தன.

சென்னை சூரியன் ஐரோப்பியப் பாடத்தைப் பொய்யாக்கியது! தெரியுமா?

மின்விளக்கு வருமுன் ஸ்டுடியோ என்றால் கண்ணாடிக் கூரை. வடக்குப் பார்த்துக் கண்ணாடி வைத்தால் நேர் வெயில் விழாது, சீரான வெளிச்சம் கிடைக்கும் என்பது ஐரோப்பியப் புத்தகம் சொன்ன பாடம். லண்டனில் சரி. ஆனால் சென்னையும் இருங்காட்டுக்கோட்டையும் 13 டிகிரி அட்சத்தில் இருக்கின்றன! ஏப்ரல் 24-ஐ ஒட்டி உச்சிச் சூரியன் நம் தலைக்கு நேர்மேலே வந்து, வடக்கே தாண்டிப் போய்விடும். ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பி வரும். அந்த நாலு மாதமும் வடக்குக் கண்ணாடி வழியாகவே உச்சி வெயில் இறங்கும்! வெள்ளைத் துணியைத் திரையாக இழுத்து வெயிலை வடிகட்டாவிட்டால் குழந்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழும்.

குழந்தையின் பின்னால் ஒளிந்திருப்பது யார்?

1851-ல் வந்த ஈரத் தகட்டு முறையில் படம் பதிய பல விநாடிகள் ஆகும். தகட்டில் ஊற்றிய கரைசல் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் ஆக வேண்டும். நம் ஊர் வெயிலில் அது எவ்வளவு சீக்கிரம் காயும்! பெரியவர்களுக்குத் தலையைப் பின்னாலிருந்து இரும்புக் கவட்டையால் பிடித்து வைத்தார்கள். கைக்குழந்தைக்கு? மேலைநாடுகளில் தாய்க்கு மேல் திரைச்சீலையைப் போர்த்தி, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். படத்தில் நாற்காலிபோலத் தெரிவது அம்மா! இப்படிப்பட்ட பழைய படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

1871-ல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் உலர்தகட்டுக்கு வழி காட்டினார். அதன் பிறகு ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் போதும் என்றாயிற்று. கிலுகிலுப்பையை ஆட்டி, விரலைச் சொடுக்கி, "இங்க பாரு, இங்க பாரு!" என்று கூப்பிட்டு, குழந்தை நிமிர்ந்த அந்தக் கணத்தில் பிடித்துவிடலாம். குழந்தைப் படங்கள் பெருகியது இதனால்தான்.

முட்டை, எலும்பு, கடுகு, உருளைக்கிழங்கு: இது சமையல் குறிப்பு இல்லை!

முட்டை: 1850-க்குப் பின் சுமார் நாற்பது வருடம் உலகத்துப் போட்டோக் காகிதம் பெரும்பாலும் முட்டை வெள்ளைக்கரு பூசியது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரே கம்பெனி 1880-களின் இறுதியில் நாளொன்றுக்கு 60,000 முட்டை உடைத்தது! வழவழப்பான அந்த வெள்ளைக்கருப் பரப்பில் நீர்வர்ணம் ஒட்டாமல் உருளும். அதற்கு மாட்டின் பித்தநீரைத் தடவி ஒட்ட வைத்தார்கள்.

எலும்பு: அடுத்து வந்த காகிதத்திலும் தகட்டிலும் ஜெலட்டின். மாட்டு எலும்பும் தோலும் காய்ச்சி எடுத்த பசை அது.

கடுகு: ஜெலட்டின் சில சமயம் ஒளியை நன்றாகப் பிடித்தது, சில சமயம் சதி செய்தது. ஏன்? கோடக் கம்பெனியின் சாமுவேல் ஷெப்பர்ட் 1925-ல் கண்டுபிடித்தார். மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்த கந்தகப் பொருள்தான் காரணம்! குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கக் கடுகு சுற்றிப் போடுகிற நாம், அதன் படமும் கடுகின் தயவால்தான் தெளிவாக விழுந்தது என்று கனவிலும் நினைத்திருப்போமா?

உருளைக்கிழங்கு: 1907-ல் லூமியேர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வெற்றிகரமான கலர்த் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாவுத் துகள்கள்தான் நிறம் பிரித்தன. ஆனால் விலை அதிகம், பிரதி எடுக்கவும் முடியாது. கடைவீதி ஸ்டுடியோவுக்குத் தூரிகையே மலிவு!

பூசுவது எப்படி?

முதலில் படத்தைக் கொஞ்சம் வெளிறலாக எடுப்பார்கள். பிறகு பழுப்பாக்குவார்கள். வெள்ளி, கந்தகத்தோடு சேர்ந்து பழுப்பாகும்போது அறை முழுக்க அழுகிய முட்டை வாடை! ஆனால் பலன் இரட்டிப்பு. சாம்பல் நிறத்தின்மேல் தோல் கலர் பூசினால் பிணக்களை தட்டும், பழுப்பின்மேல் பூசினால் உயிர் வரும். அதோடு, பழுப்பான படம் எளிதில் மங்காது.

அடுத்தது வர்ணம். இரண்டு வழி. எண்ணெய் வர்ணம் என்றால் குச்சியில் பஞ்சு சுற்றித் தொட்டுத் தடவி, உடனே இன்னொரு பஞ்சால் துடைத்து, நிழல் தெரியும்படி மெல்லிய படலம் மட்டும் விட வேண்டும். கோடுகளுக்கும் நகைக்கும் ஒற்றை மயிர்த் தூரிகை. நீர்வர்ணம் என்றால் படத்தை ஈரமாக்கி, நீர்த்த சாயத்தைப் பல தடவை ஏற்ற வேண்டும். சாயம் தாளுக்குள் இறங்கிவிட்டால் திரும்ப வராது! அமெரிக்காவின் பீர்லெஸ் கம்பெனி சாயத்தைக் காகித ஏடுகளில் ஏற்றி விற்றது. ஒரு துண்டு கிழித்துத் தண்ணீரில் போட்டால் வர்ணம் தயார். எண்ணெய் வர்ணத்தில் மார்ஷல் உலகப் பெயர். நம் நாட்டில் கேமல் பாட்டில்கள்.

இதில் ஓவியர்கள் பலர் கைதேர்ந்தவர்கள். ராஜஸ்தானின் நாத்துவாராவில் கோயில் ஓவியரான காசிராம் ஹர்தேவ் சர்மா (1868-1930) போட்டோவும் எடுத்தார், அதன்மேல் சிற்றோவியம்போலவும் தீட்டினார். நம் செட்டிநாட்டிலோ ரவிவர்மா அச்சுப் படங்களுக்கே ஜரிகையும் சமிக்கியும் ஒட்டிப் பட்டுச் சேலை உடுத்திய வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட கண்ணுக்குக் கலர் இல்லாத குழந்தைப் படம் பாதி வெந்த சோறுதான்!

எல்லாக் கறையையும் எடு, அந்தக் கறையை மட்டும் விடு!

கலர் பூசுமுன் "டச்சிங்" என்று ஒரு கட்டம். சாய்வு மேசையில் நெகட்டிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வர, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொடுவார்கள். நெகட்டிவில் கறுப்பாக்கினால் படத்தில் வெளுப்பாகும். எல்லாமே தலைகீழ்க் கணக்கு! அம்மைத் தழும்பு, கொசுக்கடி, மூக்குச் சளி எல்லாம் மறையும். ஆனால் கன்னத்தில் மையால் வைத்த திருஷ்டிப் பொட்டு? அதைத் துடைத்தால் அம்மா சும்மா விடுவாளா? கறையை நீக்கவே உட்கார்ந்தவர் ஒரு கறையைக் காவல் காக்க வேண்டும்.

பாவாடை கட்டியது பெண்தான் என்று யார் சொன்னது?

ஜடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி நிற்கும் குழந்தை தாத்தாவாகவும் இருக்கலாம்! மொட்டை போடும் முன் ஆண் குழந்தைக்குப் பெண் வேடம் கட்டி ஒரு படம் எடுத்துவிடுவது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பரவலான வழக்கம். முடி போய்விடுமே!

பெண் குழந்தைக்கு வேறு கதை. மணிக்கணக்காகத் தைத்த பூ ஜடை முதுகுப் பக்கம் இருக்கிறது, கேமராவோ முகத்தைப் பார்க்கிறது. என்ன செய்வது? பின்னால் நிலைக்கண்ணாடி! முகமும் ஜடையும் ஒரே படத்தில். கலர் பூசுகிறவருக்கு வேலை இரட்டிப்பு. கண்ணாடிக்குள் தெரியும் கனகாம்பரத்துக்கும் தனியாக ஆரஞ்சு தீட்ட வேண்டும்.

அப்புறம், குப்புற விழுந்ததும் எடுக்கும் படம். அரைஞாண் தவிர வேறொன்றும் இல்லை! மயிற்பீலியும் குழலுமாகக் கிருஷ்ணர் வேடம் என்றால் கலர்காரருக்குக் கொண்டாட்டம். கிருஷ்ணர் நீலமாகலாம், மஞ்சள் பட்டுடுத்தலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

ஹூண்டாய்க்கு முன்பே நம் குழந்தைகளுக்குக் கார் இருந்தது!

அட்டையில் வெட்டி வர்ணம் பூசிய கார்! பின்னால் ஒரு முக்காலி, அதில் குழந்தை, கையில் ஸ்டியரிங். கூடவே மரக்குதிரை, ஆகாய விமானம், டெலிபோன், பிறைநிலா. பின்னால் தொங்கும் படுதாவில் தாஜ்மகால், படிக்கட்டு, நீரூற்று. ஊரில் யாரும் பார்த்திராத மாளிகை! அன்றைக்கு அட்டைக் காரில் உட்கார்ந்த பிள்ளையின் பேரன் இன்றைக்கு இருங்காட்டுக்கோட்டையில் நிஜக் காருக்குப் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்க்கலாம். அங்கேயும் ஒரு பூச்சு காய்ந்தபின்தான் அடுத்த பூச்சு.

கடன் வாங்காமல் நகை போடலாம்!

கழுத்தில் ஒரு சங்கிலி இருந்தால் கலர்காரர் இரண்டாக்குவார். மஞ்சளைக் கெட்டியாகப் புள்ளி வைத்தால் காசுமாலை. கல் தோட்டுக்கு நடுவில் ஒரு சொட்டு சிவப்பு. நூல் சேலைக்குச் சரிகைக் கரை. வறுமை தெரியாது!

ஆனால் இன்னொன்றும் தெரியாமல் போனது. கறுத்த குழந்தையின் சொந்த நிறம். வர்ணப் பெட்டிகள் வெள்ளைத் தோலுக்காகத் தயாரானவை. கேட்கிறவர்களும் "கொஞ்சம் செவப்பா போடுங்க" என்றே கேட்டார்கள். மாநிறப் பிள்ளைகள் எல்லாரும் ரோஸ் கன்னத்தோடு மாட்டப்பட்டார்கள். சந்தோஷமாக இருந்த கலைதான், ஆனால் இந்தக் கணக்கில் அது நியாயமாக இல்லை.

வராத அப்பாவும் வந்தார், மூடிய கண்ணும் திறந்தது!

பர்மாவிலோ மலேயாவிலோ சம்பாதிக்கப் போன அப்பா, அங்கே ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தைத் தபாலில் அனுப்புவார். இங்கே குழந்தையும் அம்மாவும் தனியே எடுத்துக்கொள்வார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் வர்ணம் ஏற்றி, அதை மறுபடி படமெடுத்தால் குடும்பப் படம்! கடலை ஒரு தூரிகை தாண்டிவிட்டது.

சில படங்களைப் பற்றிச் சத்தமில்லாமல்தான் சொல்ல வேண்டும். இறந்தபின் எடுத்த படத்தில் கண்ணைத் திறந்ததாகத் தீட்டித் தரச் சொல்வதுண்டு. குழந்தைகளுக்கும். அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றே படம்.

உயிரோடு இருக்கும்போதே உருவம் எடுத்த ஊர் ஸ்ரீபெரும்புதூர்! தெரியுமா?

"போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும்" என்று பயந்த பெரியவர்கள் எத்தனை பேர்! ஆனால் ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 1017-ல் அவ்வூரில் பிறந்த ராமானுஜர் வாழ்ந்த காலத்திலேயே செய்த அவருடைய திருமேனி அங்கே இருக்கிறது, அவரே அதைத் தழுவித் தந்தார் என்பது மரபு. பெயரே "தானுகந்த திருமேனி". ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவர் திருமேனிக்கோ ஆண்டுக்கு இருமுறை பச்சைக் கற்பூரமும் குங்குமப்பூவும் சாற்றி நிறம் ஏற்றுகிறார்கள். உருவம் எடுப்பதும் அதற்கு நிறம் சாற்றுவதும் இந்த மண்ணுக்குப் புதிதா என்ன?

சினிமாவுக்குக் கலர் வருமுன் பாப்பாவுக்கு வந்துவிட்டது!

தமிழில் முதல் முழுநீளக் கலர்ப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் 1956-ல் வந்தது. எம்.ஜி.ஆரைக் கலரில் பார்க்க ஜனங்கள் முண்டியடித்த அந்த வருடத்தில், வீட்டுச் சுவரில் பாப்பா எப்போதோ கலராகியிருந்தாள்! 1960-ல் உதகமண்டலத்தில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவப்பட்டு, சில வருடத்தில் "இந்து" பெயரில் உள்நாட்டு ஃபிலிமும் காகிதமும் கிடைத்தன. கறுப்பு வெள்ளை மலிவானது, கூடவே கலர் பூச்சும் பெருகியது. ஆனால் 1970-களிலும் 80-களிலும் கலர் லேப்கள் ஊருக்கு ஊர் வர, பஞ்சும் தூரிகையும் மேசையைவிட்டு இறங்கின.

கண்ணாடி நெகட்டிவ்கள் எல்லாம் எங்கே போயின?

எடைக்கு! படலத்தைச் சுரண்டினால் வெள்ளி, கழுவினால் நல்ல கண்ணாடி. போட்டோவுக்குச் சட்டம் போடவும் ஜன்னலுக்கும் ஆகுமே! ஒரு தலைமுறையின் முகங்கள் வெளிச்சம் வரும் ஜன்னலாகிப் போயின.

எல்லாமே போய்விடவில்லை என்பது நல்ல செய்தி. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சோயி ஹெட்லி, ரமேஷ் குமார் முதலானோர் ஊர் ஊராகப் பழைய ஸ்டுடியோக்களின் கதவைத் தட்டி, ஏறத்தாழ 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களை ஆயிரக்கணக்கில் எண்ணிம வடிவில் சேர்த்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டம் அதற்குக் கைகொடுத்தது. வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம்!

இன்றைய ஆப்புக்கும் நிறம் தெரியாது!

கறுப்பு வெள்ளைப் படத்தைக் கைபேசியில் போட்டால் ஒரு நொடியில் கலராகிறதே, அது எப்படி? 2016-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் வெளியிட்ட முறை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கலர்ப் படங்களைப் பார்த்துப் பழகியது. புல் என்றால் பச்சை, வானம் என்றால் நீலம் என்று ஊகிக்கிறது. பட்டுப் பாவாடைக்கு என்ன ஊகிக்கும்? பார்த்த படங்களில் எது அதிகமோ அது! பழைய கலர்காரரும் ஊகித்தார்தான், ஆனால் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஊகித்தார்.

உங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறதா? இதைச் செய்யுங்கள்!

ஈரத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். நீர்வர்ணம் என்றால் கன்னத்தின் ரோஸ் துணியோடு வந்துவிடும். தூசியை மென்தூரிகையால் தட்டுங்கள்.

வெயில் படும் சுவரிலிருந்தும் விளக்குப் புகையிலிருந்தும் இறக்குங்கள். சில சாயங்கள் வெளிச்சத்தில் மற்றவற்றுக்கு முன்பே ஓடிவிடும், சிவப்பு வகைகள் அதில் முன்வரிசை.

படம் சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். அப்படியே ஒரு படம் எடுத்துக்கொண்டு, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதிதாகச் சட்டம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

லேமினேஷன் வேண்டாம். செலோடேப் வேண்டாம். பசையையும் ஜெலட்டினையும் ராமபாணப் பூச்சி விரும்பித் தின்னும், ஆகவே ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ஓரங்களில் நீலமாகக் கண்ணாடிபோல் மினுங்கினால் பயப்படாதீர்கள், உள்ளிருந்த வெள்ளி மேலே வந்திருக்கிறது. அதைத் தேய்க்காதீர்கள்!

கைபேசியில் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் கட்டாயம் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, ஊர், கலர்க் குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த வருடம் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயர் தெரியாத குழந்தைப் படம்தான் வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போகிறது. தெரிந்தவர்கள் இருக்கும்போதே, இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிடுங்கள்!